முதலில் போய்ச் சேர்ந்தவள்

"அத்தனை வருஷமும் எனக்குப் பின்னாலயே வந்தியே. எப்படித் தாங்கினே?"

டிஸ்கித் இதைக் கேட்டது ஒரு துறவியிடம். துறவி அப்போது தேநீரில் வெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். உப்பு போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தாள். போட்டிருந்தது.

பதிலுக்குத் தேநீர்தான் வந்தது.

துறவியின் பெயர் யாங்டோல். மொட்டை போட்டுக் காவி உடுத்துவதற்கு முன்னால் அவளும் டிஸ்கித்தைப் போல ஸ்கீ கட்டி ஓடியவள்.

ஸ்கீ என்றதும், சினிமாவில் வருவதுபோல மலை உச்சியிலிருந்து சரேலென்று இறங்குவது என்று நினைத்துவிட வேண்டாம். அது வேறு கூட்டம். இவர்கள் ஓடுவது மேட்டிலும் சமதரையிலும். காலில் நீளப் பட்டை இரண்டைக் கட்டிக்கொண்டு, கைக்கொரு கோலை ஊன்றி, மைல் கணக்கில் மூச்சு வாங்க ஓட வேண்டும். பார்க்க வருகிறவர்களும் குறைவு. அந்தக் குளிரில் யார் நிற்பது?

தேசியப் போட்டியில் டிஸ்கித்துக்குத் தங்கம், யாங்டோலுக்கு வெள்ளி. அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பத்திரிகைக்காரர்களுக்கு வேலை மிச்சம், பழைய செய்தியில் தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு தடவை டிஸ்கித் வெளிநாட்டுக்குப் போய்ப் பெரிய போட்டி ஒன்றில் ஓடினாள். அங்கே எத்தனையாவதாக வந்தாய் என்று யாராவது கேட்டால், அந்த ஊர்ப் பனி எவ்வளவு ஈரம் என்று பேச ஆரம்பித்துவிடுவாள். மற்றபடி இந்த லடாக் பக்கத்து மலைகளில் அவளை முந்த ஆளில்லை.

பிறகு ஒரு குளிர்காலத்தில் யாங்டோல் போட்டிக்கு வரவில்லை. மடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. தோற்றுத் தோற்றுத்தான் சாமியாராகிவிட்டாள் என்று பயிற்சி முகாமில் பேசிக்கொண்டார்கள். டிஸ்கித்தும் அப்படித்தான் நினைத்தாள். உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த வருஷம் அவளே தோற்றாள்.

ஜெயித்தவள் ஈஷே என்கிற பெண். டிஸ்கித்தின் வயதில் பாதிதான் இருக்கும். எல்லைக் கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கி நின்றவள், டிஸ்கித் வந்து சேர்ந்ததும் ஓடிவந்து குனிந்து அவள் ஸ்கீயைக் கழற்றிவிட்டாள். மரியாதைக்காகத்தான் செய்தாள். டிஸ்கித்துக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அதற்கு மேல் கோச் ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த மாதம் ரிலே. நாலு பேர் மாற்றி மாற்றி ஓடுவது. அதில் கடைசிச் சுற்று எப்போதும் டிஸ்கித்துக்குத்தான். கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்குகிறவளும் அவளே, மறுநாள் படத்தில் வருகிறவளும் அவளே. இந்தத் தடவை நீ முதல் சுற்று ஓடு, கடைசியை ஈஷே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். மனமில்லையென்றால் ஓய்வு என்று சொல்லிவிடலாம், மாலை போட்டு மரியாதையாக அனுப்பிவைக்கிறோம் என்றும் சொன்னார். வாரக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

ஓட்டத்தை விட்டால் அவளுக்கு வேறொன்றும் தெரியாது. விடாவிட்டாலோ முதல் சுற்று. ரிலேயில் முதல் சுற்று ஓடினவள் பெயரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? தன்னோடு ஓடினவர்களின் பெயர் அவளுக்கே பாதி மறந்துவிட்டது.

தோற்றுப் பழகியவர் யார் என்று யோசித்தாள். யாங்டோல் ஞாபகம் வந்தது. ராணுவ லாரி ஒன்றில் ஏறி, லாரி நின்ற இடத்திலிருந்து ஸ்கீயில் ஓடி, மடத்துக்கு வந்துவிட்டாள்.

வந்ததும் "சோமோ-லே" என்றுதான் கூப்பிட்டாள். சோமோ என்றால் லடாக்கில் பெண் துறவி. லே என்பது மரியாதைக்கு ஒட்டுவது. நம் திருநெல்வேலி லே அல்ல, அதற்கு நேர் எதிர். அரை டம்ளர் தேநீர் உள்ளே போனதும் மரியாதை கழன்று, பழைய 'நீ' வந்துவிட்டது.

"உன்கிட்டதான் கேட்டேன். எப்படித் தாங்கினே?"

"தாங்கல."

"என்ன?"

"தாங்கவே இல்ல. ஒவ்வொரு வருஷமும் திரும்பி வர்ற பஸ்ல அழுதேன்."

அந்த பஸ்ஸில் டிஸ்கித்தும் இருந்தாள். மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன் சீட்டில். பின்னால் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

"அப்புறம்?"

"அப்புறம் ஊர் வந்துடும். இறங்கிடுவேன்."

இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று டிஸ்கித்துக்கு எரிச்சலாக இருந்தது. ஏதாவது மந்திரம், மூச்சுப் பயிற்சி, தியானம் என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தாள். கோச் சொன்னதை எல்லாம் ஒப்பித்துவிட்டு, முதல் சுற்று ஓடவா, விட்டுவிடவா, அதையாவது சொல் என்றாள்.

யாங்டோல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"காலையில மேல போறோம். நீயும் வா. அங்கதான் போன் எடுக்கும். பதில் எதுவானாலும் கோச்சுக்கு அங்கேருந்தே சொல்லிக்கலாம்."

மேலே என்றால் மலை விளிம்பில் ஒரு கல் அறை. அதற்குள் ஒரு சோமோ வாசலை மண் பூசி அடைத்துக்கொண்டு தவத்தில் இருக்கிறார். யாரையும் பார்ப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. கீழேயிருந்து மற்றவர்கள் சாப்பாடு கொண்டுபோவார்கள். பனி விடாமல் கொட்டியதில் கொஞ்ச நாளாக யாரும் போக முடியவில்லை. இப்போதுதான் வானம் விட்டிருந்தது.

காலையில் டிஸ்கித் ஸ்கீயோடு வந்து நின்றாள். கழற்றி வைக்கச் சொன்னாள் யாங்டோல். பின்னால் வருகிறவர்கள் நடந்து வருகிறார்கள், அவர்களுக்கு ஸ்கீ தடம் உதவாது.

பிறகு மலையேறும் முறையைச் சொன்னாள். புதுப் பனியில் முன்னால் போகிறவள்தான் காலால் குழி போட்டு வழி உண்டாக்க வேண்டும். அது பெரிய வேலை, அதனால் அவளுக்குச் சுமை கிடையாது. களைத்ததும் ஒதுங்கி நிற்பாள். வரிசை அவளைத் தாண்டிப் போகும். அவள் வாலில் சேர்ந்துகொள்வாள். அடுத்தவள் முன்னால் வருவாள். மேலே ஒரு மணி இருக்கிறது. அடித்தால் சின்னச் சாளரம் திறக்கும். ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் திறக்கும். அது உள்ளே இருப்பவர் எடுத்துக்கொண்ட விரதம்.

போட்டிக்கு முன்னால் அதிகாரிகள் பாதையை விளக்கும்போது கேட்பாளே, அப்படித்தான் டிஸ்கித் இதையும் கேட்டாள். முடிவு எங்கே என்பது மட்டும் மனதில் நின்றது. மணி.

"முன்னாடி நான் போறேன்" என்றாள்.

கூட வந்த சோமோக்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டையை லொப்சாங் என்கிற குள்ளமான சோமோ முதுகில் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றாள். வறுத்த மாவு, வெண்ணெய், உலர்ந்த பழம், ஒரு பிளாஸ்கில் சூடான சூப். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் மூட்டையை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாள்.

பனி தொடை வரை இருந்தது. டிஸ்கித் இறங்கினாள்.

முதல் ஏற்றத்திலேயே உடம்பு பிடித்துக்கொண்டது. காலைத் தூக்கு, முன்னால் எறி, மிதி. தூக்கு, எறி, மிதி. தோற்ற நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கரைவது தெரிந்தது. கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. கோச்சுக்கு என்ன தெரியும்?

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அச்சே-லே, ஒதுங்குங்க. நாங்க போறோம்."

அச்சே என்றால் அக்கா. டிஸ்கித்துக்குக் கேட்டது. ஒதுங்கித்தான் பழக்கமில்லையே.

இன்னொரு தடவையும் கூப்பிட்டார்கள். இந்த முறை குரல் தூரத்திலிருந்து வந்தது. பாவம், மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாக்கெட்டில் இருந்த சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். பின்னால் சத்தம் குறையக் குறைய அவளுக்குத் தெம்பு கூடும். அது எத்தனையோ வருஷப் பழக்கம். கடைசியில் சத்தமே இல்லாமல் போனது. அப்போது அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை மறைப்பானேன், ரொம்பவே சந்தோஷமாக இருந்தாள்.

கல் அறை வந்தது. மணி தொங்கியது. எல்லைக் கோட்டைப் பார்த்துவிட்டு யாராவது அதற்கு முன்னால் நிற்பார்களா? கை தானாகப் போய்க் கயிற்றை இழுத்தது.

மணிச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கப் போனது.

சாளரம் திறந்தது. ஒரு மரக் கிண்ணம் வெளியே வந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் மெலிந்து, நகம் வெளுத்து இருந்தன.

கிண்ணம் காலி. டிஸ்கித்தின் கையும் காலி.

அவள் திரும்பிப் பார்த்தாள். வரிசை வெகு கீழே, சின்னச் சின்னப் புள்ளிகளாக இருந்தது. நகர்கிறதா நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. பாக்கெட்டைத் துழாவினாள். சாக்லேட் சுற்றிய காகிதம் வந்தது.

"வந்துட்டே இருக்காங்க" என்றாள்.

பேசாதவரிடம் பதிலை எதிர்பார்த்தது அவள் தப்பு. கிண்ணம் அப்படியே நீண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது கிண்ணம். பிறகு மெல்ல உள்ளே போனது.

சாளரம் மூடிக்கொண்டது. கோபமாக மூடின மாதிரி இல்லை.

வரிசை வந்து சேர நேரமாகிவிட்டது. முதலில் யாங்டோல் வந்தாள். லொப்சாங் கடைசியில், ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

டிஸ்கித்தின் வாயில் பழக்கமாக இருந்ததுதான் வந்தது.

"நான் எப்பவோ வந்துட்டேன்."

"தெரியும். மணி கேட்டுது" என்றாள் யாங்டோல். "அவங்க சாப்பிட்டாங்களா?"

டிஸ்கித் சாளரத்தைப் பார்த்தாள். எல்லோரும் சாளரத்தைப் பார்த்தார்கள்.

லொப்சாங் மூட்டையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தாள். உள்ளே கொஞ்சம் பழைய மாவு இருக்கும், ஒரு நாளைச் சமாளித்துக்கொள்வார் என்றாள். மூட்டையை இங்கே வைத்துவிட்டுப் போகவும் முடியாது, நரி இழுத்துக்கொண்டு போய்விடும். யாரும் டிஸ்கித்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"ஏன் இவ்வளவு நேரம்? நான்தான் வழி போட்டுக் குடுத்தேனே" என்றாள். வெட்கம் வந்தால் சிலருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"இறங்கும்போது கடைசியா வா" என்றாள் யாங்டோல்.

இறங்கும்போது டிஸ்கித் கடைசியாக வந்தாள். முன்னால் லொப்சாங், முதுகில் அதே மூட்டை.

தான் போட்ட குழிகளை டிஸ்கித் அப்போதுதான் பார்த்தாள். ஆழமான, நல்ல குழிகள். ஆனால் ஒவ்வொரு இரண்டு குழிக்கும் நடுவே இன்னொரு சின்னக் குழி இருந்தது. மேட்டுப் பக்கங்களில் இரண்டு இருந்தன. அவளுடைய ஓர் எட்டு லொப்சாங்குக்கு இரண்டரை எட்டு. டிஸ்கித் போட்ட குழியில் கால் எட்டாமல், பின்னால் வந்தவர்கள் சுமையோடு ஆளாளுக்குப் புதுக் குழி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

வாழ்நாள் எல்லாம் பனியில் தடம் போட்டவள். தன் தடத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அது பின்னால் வருகிறவர்கள் பார்க்கிற பொருள்.

"எனக்குப் பின்னால ஓடினப்பவும் உனக்கு இப்படித்தான் இருந்ததா?" என்று யாங்டோலிடம் கேட்டாள்.

"உனக்குக் கால் நீளம்" என்றாள் யாங்டோல். "நானும் எட்டி எட்டி வெச்சுப் பாத்தேன்."

கோச்சுக்கு போன் செய்யவில்லை என்பது பாதி மலை இறங்கிய பிறகுதான் டிஸ்கித்துக்கு ஞாபகம் வந்தது.

அன்றைக்கு மடத்தில் சூப் ஊற்றினார்கள். டிஸ்கித் ஒரு வாய் குடித்த பிறகுதான் அது எந்த சூப் என்று புரிந்தது. மேலே போய்த் திரும்பி வந்தது. ஆறிப்போனதைச் சுடவைத்திருந்தார்கள். விழுங்க முடியவில்லை. கொட்டவும் முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யாங்டோல் எதிரில் உட்கார்ந்து தன் பங்கை ருசித்துக் குடித்து முடித்தாள்.

"நான் போனது தப்புன்னு சொல்லேன்" என்றாள் டிஸ்கித்.

"வழி போட ஆள் வேணுமே. நாளைக்கும் நீதான் முன்னாடி" என்றாள் யாங்டோல்.

ராத்திரி மறுபடி பனி பெய்து குழிகளைத் தூர்த்துவிட்டது.

காலையில் டிஸ்கித் முன்னால் நின்றாள். லொப்சாங் மூட்டையைக் கட்டிக்கொண்டே அவள் கால்களை ஒரு பார்வை பார்த்தாள்.

டிஸ்கித் சின்ன எட்டாக வைத்தாள். நீள எட்டைவிட இது கஷ்டம் என்று பத்து அடியிலேயே தெரிந்துவிட்டது. கால் முன்னே பாயப் பார்க்கும். பிடித்து நிறுத்தி, பக்கத்திலேயே வைக்க வேண்டும். இடுப்பு வலித்தது. அவ்வப்போது திரும்பிப் பார்த்தாள். பின்னால் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூச்சு, இருமல், யாரோ முணுமுணுக்கும் மந்திரம், லொப்சாங் முழங்காலைத் திட்டுவது. அத்தனையும் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில்.

மூச்சு முட்டியபோது ஒதுங்கி நின்றாள்.

ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். இந்த மலைகளில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அவளை இப்படி யாரும் தாண்டியதில்லை, ஈஷேயைத் தவிர. டிஸ்கித் எல்லோரையும் எண்ணிக்கொண்டு நின்றாள். பிறகு வாலில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

கடைசி ஏற்றத்தில் மறுபடி அவள் முறை வந்தது. செங்குத்தான ஏற்றம். லொப்சாங்கின் முழங்கால் அங்கே மக்கர் பண்ணியது. மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நீ மேலே போய் வழியை முடித்துவை, நாங்கள் வருகிறோம் என்று யாங்டோல் கையைக் காட்டினாள்.

டிஸ்கித் வழியை முடித்தாள். அறைக்கு முன்னால் பனியைக் காலால் மிதித்து, நாலு பேர் நிற்க இடம் செய்தாள். பிறகு மணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே பார்த்து நின்றாள்.

பாக்கெட்டில் போன் அடித்தது. கோச்தான். இன்றைக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும், என்ன முடிவு என்றார்.

"முதல் சுற்று ஓடறேன்" என்றாள். பிறகு, "எனக்கு அடுத்து யாரு ஓடறா?" என்று கேட்டாள்.

கோச் கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இத்தனை வருஷத்தில் டிஸ்கித் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். டிஸ்கித் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுபடி பனி தூறத் தொடங்கியது. கீழே லொப்சாங் எழுந்து நின்றாள். ஒரு குழியில் கால் வைத்தாள், அடுத்த குழியில் கால் வைத்தாள், நின்றாள். மறுபடி வைத்தாள். உள்ளே இருப்பவர் பசியோடு இருக்கிறார். மணிக் கயிறு டிஸ்கித்தின் தோளில் உரசிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை. கால் மரத்துப்போனது. இமையில் பனி சேர்ந்தது. துடைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக லொப்சாங் மேலே வந்து சேர்ந்தாள். மூட்டையை இறக்கி, முதுகை நிமிர்த்தி, டிஸ்கித்தை ஏற இறங்கப் பார்த்தாள். தொப்பியிலும் தோளிலும் விரற்கடை உயரத்துக்குப் பனி ஏறியிருந்தது.

"வந்து ரொம்ப நேரமாச்சா, அச்சே-லே?"

ஒரு நொடியை நூறாகப் பிளந்து கணக்குப் பார்த்துப் பிழைத்தவள் அவள்.

"இல்ல" என்றாள் டிஸ்கித். "இப்பத்தான்."